மட்டை பிடித்த கை

1. சப்பாத்துப் பெட்டி மூடி

கல்முனைத் தகரக் கொட்டகையில் படம் ஓட்டுகிற வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள், மெனேஜர் ஞானமுத்தர் எனக்குப் புரொஜெக்டரைக் காட்டவில்லை. காலுக்குப் போடும் சப்பாத்துப் பெட்டி ஒன்றின் மட்டை மூடியை எடுத்துக் கையில் தந்தார்.

"இதுதான் ஐசே உம்மட வேலை. மெசின் தானா ஓடும். இத நீர்தான் பிடிக்க வேணும்."

விளங்காமல் விழித்தேன். ஐம்பதுகளின் தொடக்கம் அது. கொட்டகை திறந்த புதிதில் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் ஞானமுத்தரைச் சந்தித்துப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். படம் ஓடலாம். ஆனால் பெண்பிள்ளை ஆடினாலும், ஆணும் பெண்ணும் நெருங்கி நின்றாலும் திரையில் தெரியக் கூடாது. படச்சுருளை வெட்டவும் வழியில்லை. அது அடுத்த ஊருக்குப் போக வேண்டும், அடி அடியாக அளந்துதான் திருப்பி வாங்குவார்கள். ஆகவே ஆட்டம் வருகிற நேரத்தில் ஒப்பரேட்டர் லென்சுக்கு முன்னால் மட்டையைப் பிடிப்பான். திரை கறுத்துப் போகும். பாட்டு மட்டும் கேட்கும்.

அந்த இருட்டில் கொட்டகை படுகிற பாடு இருக்கிறதே! விசில், ஊளை, வாங்கில் பலகையை உதைக்கிற சத்தம். "டேய் கள்ளா, மட்டைய எடுடா!" என்று என்னைக் கூப்பிட்டு ஏசுவார்கள். திரையில் இருந்த ஆட்டம் ஒரு பங்கென்றால், அவர்கள் மனதுக்குள் ஆடின ஆட்டம் பத்துப் பங்கு. கொஞ்ச நாளில் இது ஊர்ப் பேச்சாகவும் ஆகிவிட்டது. ஒரு வீட்டில் வெளியே சொல்லக் கூசுகிற சங்கதி நடந்தால் "அங்க மட்டை விழுந்திட்டாம்" என்பார்கள். சாய்ந்தமருதுச் சந்தையிலும் கேட்டிருக்கிறேன், மருதமுனை பஸ்ஸிலும் கேட்டிருக்கிறேன். நன்றாகச் சிரித்தும் இருக்கிறேன்.

சிரித்தவன் அப்போதே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

2. சாவி கொடுக்கிற கமரா

ஓட்டுகிறவனுக்கு எடுக்கிற ஆசை வருவது பெரிய அதிசயமில்லை. மேற்கே அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் நாடு திரும்பும்போது தன்னுடைய கமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதுபோல முறுக்கிவிட வேண்டும். ஒரு முறுக்குக்கு அரை நிமிடம் ஓடும். எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. கூட வந்த புத்தகத்தை அகராதி வைத்து எழுத்தெழுத்தாய்ப் படித்தேன். அதில் இரண்டு பக்கம் கிழிந்திருந்தது. அந்த இரண்டு பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று பிற்பாடு எனக்கு நன்றாகத் தெரிய வந்தது.

கடற்கரையில் மனிதர் செய்கிற கைவேலைகளை எல்லாம் சேர்த்து ஒரு துண்டுப்படம், பெரிய படத்துக்கு முன்னால் காட்டுகிற அளவில் எடுப்பது என்று தீர்மானித்தேன். சாய்ந்தமருதில் கரைவலை இழுப்பு, பெரியநீலாவணையில் தோணிக்குத் தார் பூசுவது, மருதமுனையில் தறி. கொட்டகைக்கு லீவு கிடைத்த பகல்களில் சைக்கிளில் போய் எடுத்தேன்.

எடுத்த படத்தைக் கழுவ எனக்கு வாய்ப்பான இடம் மதராஸ்தான். இரயிலேறித் தலைமன்னார், கப்பலேறித் தனுஷ்கோடி, மறுபடி இரயில். இன்றைக்கு எடுத்ததை இன்றைக்கே பார்க்கிற பிள்ளைகளுக்கு இது விளங்காது. என் ஊரில் நான் எடுத்ததை நான் பார்ப்பதற்குக் கடல் தாண்ட வேண்டும். அதுவரை எடுத்தது என்ன என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

3. கை மட்டும்

மருதமுனையில் ஒரே வீட்டு வளவில் நாலு தறி வைத்திருந்தவர் ஒருவர்தான். கதீசா ராத்தா. புருசன் மவுத்தாகி ஏழெட்டு வருசம். நாற்பது வயது இருக்கும். அவர் நெய்கிற சாரனுக்கு அக்கரைப்பற்றில் இருந்தும் ஆள் வரும். எட்டுக் குமர்ப்பிள்ளைகள் தினமும் தறி பழக அங்கே வந்தார்கள். ஆண்பிள்ளை இல்லாத வளவு என்பதால்தான் அனுப்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் நாலு தறியும் ஓடியது.

முதலில் மாட்டேன் என்றார். மூன்றாம் முறை போனபோது சம்மதித்தார்.

"தம்பி, என்ட கையப் படம் பிடி. உழைக்கிற கை, அதில வெக்கம் ஒண்டுமில்ல. முகம் வரப்படாது. எட்டுக் குமருகள்ட வாப்பாமார் என்ட முகத்த நம்பித்தான் அனுப்புறாங்க. இது அமானிதம், விளங்கிச்சா?"

"அல்லாக்காக ராத்தா, கை மட்டும்தான்."

பிள்ளைகளை அன்று வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். முற்பகல் வெயில் கூரைக் கிடுகின் இடுக்கால் தறியில் விழுந்துகொண்டிருந்தது. நான் முழங்காலிட்டு, கமராவின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சிறு பார்வைக் கண்ணாடியில் கண்ணை வைத்தேன். அதைத்தான் வியூ ஃபைண்டர் என்போம். அதில் கை மட்டும் தெரிந்தது. முக்காட்டின் ஓரம்கூட இல்லை. சாவியை விட்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்தது. ராத்தா குனிந்து, அறுந்த நுனிகளை முடிந்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினார். கமரா கரகரவென்று சத்தம் போட்டது.

"என்ன தம்பி இது, கமராவா, கோப்பி அரைக்கிற மெசினா?"

அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆனால் என் கண்ணாடியில் கை மட்டும்தான். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளூர ஒரு பெருமை.

4. மதராஸில் என் கை

கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன அறையில் எடிட்டர் தாமோதரனோடு உட்கார்ந்து கழுவின படத்தைப் போட்டுப் பார்த்தேன். தாமோதரன் கெட்டவர் இல்லை. வெற்றிலை போட்ட வாயோடு என்னை "சிலோன் பாய்" என்று கூப்பிடுவார். வலை வந்தது, தோணி வந்தது. பிறகு தறி வந்தது. கை வந்தது.

நூல் அறுந்தது. கதீசா ராத்தாவின் முகம் திரையின் பாதியை நிறைத்துக்கொண்டு வந்தது.

பல்லில் நூல். நெற்றியில் வெயில். எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

அந்தக் கிழிந்த இரண்டு பக்கத்தில் இருந்தது இதுதான்: பார்வைக் கண்ணாடி ஓரிடம், லென்ஸ் வேறிடம். இரண்டுக்கும் நடுவே மூன்று நாலு விரற்கடை தூரம். எட்ட நிற்கும் தோணிக்கு அது ஒன்றுமில்லை. கிட்ட வைத்து எடுக்கும் பொருளுக்கு அது பெரிய விலகல். நான் பார்த்தது ஒன்று, என் கமரா பார்த்தது வேறொன்று.

"யாரு பாய் இந்தம்மா?" என்றார் தாமோதரன். வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டிருந்தார்.

"இத வெட்ட வேணும். முகம் வரப்படாது எண்டு சொல்லித்தான் எடுத்தன்."

"வெட்டறதா? இந்த ஒரு ஷாட்டுதான் பாய் படமே. இதைத் தூக்கிட்டா மிச்சம் மீன் நாத்தம்தான்."

படத்தை வாங்கி வெளியிட வந்த முதலாளியும் அதையே சொன்னார். அந்தச் சிரிப்பு இருந்தால் எடுத்துக்கொள்வேன், இல்லையென்றால் வேண்டாம் என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமே. அவர்கள் சொன்னதால் மட்டும் நான் விடவில்லை. அந்தத் துண்டை ஏழு தரம் போட்டுப் பார்த்தேன். என் கையால் அதைவிட நல்ல ஷாட் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

"மெட்ராஸ்ல யாரு அந்தம்மாவைத் தேடி வரப்போறா?" என்றார் தாமோதரன்.

"எங்கட ஊருக்கும் படம் வருமே."

"வந்தா?"

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. எழுந்து, ஓடிக்கொண்டிருந்த வெளிச்சத்துக்கு முன்னால் என் உள்ளங்கையை விரித்துப் பிடித்தேன். ராத்தாவின் சிரிப்பின் மேல் என் கை நிழலாக விழுந்தது. "அங்க மெசினில நான்தான் நிப்பன். இப்பிடி மறைச்சிடுவன்."

தாமோதரன் தொடையில் தட்டிச் சிரித்தார். "பலே பாய்! ஒரே படம், ரெண்டு ஊருக்கு ரெண்டு விதம்!"

முதலாளி நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டேன். தறிச்சத்தத்தை அங்கேயே ஒரு நெசவுக் கொட்டிலில் பதிந்தார்கள். விளக்கம் சொல்ல மதராஸ் குரல் ஒன்றைப் பிடித்தார்கள். தேன் தடவின குரல். ராத்தாவின் ஷாட் வரும்போது அந்த ஆள் சொன்னார்: "அடடா, என்ன அழகு! பாருங்கள், கண்ணை எடுக்க மனம் வருகிறதா?" இது வேண்டாமே என்று முனகினேன். "சொல்லிட்டுப் போகட்டும் பாய்" என்றார்கள். விட்டுவிட்டேன். ஒன்றை விட்டவனுக்கு மற்றதை விடுவது சுகமாக இருந்தது.

5. எந்த நாட்டுப் படம்

பிரதியோடு திரும்பி வந்தபோது தலைமன்னார் சுங்கத்தில் ஒரு உத்தியோகத்தர் பெட்டியைத் தட்டிக் கேட்டார். "இது எந்த நாட்டுப் படம்?"

"இலங்கைப் படம் ஐயா. இதில இரிக்கிற கடல் சாய்ந்தமருதுக் கடல்."

"கடலைப் பாத்து நான் ஃபாரம் நிரப்ப ஏலாது. பிரிண்ட் போட்டது எங்க?"

"மதராஸில."

"அப்ப இந்தியப் படம்."

அங்கே நான் சிலோன்காரன். இங்கே என் படம் இந்தியப் படம். இரண்டு கரைக்கும் நடுவே நின்றவன் என்று பிறகு என்னைச் சிலர் பெரிதாகப் பேசினார்கள். நடுவே இருப்பது தண்ணீர்தான்.

ஊர் வந்த மறுநாள் மருதமுனைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ராத்தா தறிக்கு நூல் பாவு ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் குசுகுசுத்தார்கள்.

"வா தம்பி. மதராஸ்காரன் என்ட கையப் பாத்து என்ன சொன்னான்? சாயம் ஊறின கை, பேய்ட கை எண்டிருப்பானே?"

"இல்ல ராத்தா. கை நல்லா வந்திரிக்கி."

"கை மட்டும்தானே?"

"ஓம்" என்றேன்.

தேத்தண்ணி தந்தார். குடித்தேன்.

6. மெட்னி

ஞானமுத்தர் நான் படம் எடுத்த மூன்று ஊரிலும் தாள் ஒட்டினார். "நம்மட கடல், நம்மட கை" என்று கொட்டை எழுத்து. சனிக்கிழமை மெட்னிப் பகல் காட்சிக்கு இருக்க இடமில்லை. பெண்கள் வரவில்லை, அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் கொட்டகைக்கு வருவதில்லை. வந்தவர்கள் எல்லாம் வாப்பாமார், காக்காமார், மச்சான்மார்.

மெசின் அறைக்குள் நான் மூடியை எடுத்து வைப்பதை ஞானமுத்தர் கண்டுவிட்டார்.

"உம்மட படத்துக்கு உமக்கே மட்டையா? என்ன ஐசே எடுத்து வச்சிருக்கிறீர்?"

"முகம், சேர். ஒரு பொம்புளட முகம்."

"முகமா? முகத்துக்கு ஆர் மட்டை பிடிக்கச் சொன்னது? சும்மா விடும்."

"காட்ட மாட்டன் எண்டு சொல்லியிரிக்கன், சேர்."

"அப்ப அத வெட்டியெல்லோ எறிஞ்சிருக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் சட்டைப்பையில் கத்தரி இருந்தது. ஒப்பரேட்டரின் பையில் எப்போதும் இருக்கும். படம் அறுந்தால் ஒட்டுவதற்கு. பிரதி வெளியீட்டுக்காரருடையது, அளப்பார்கள், என் பெயர் கெடும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். பொய். அந்தத் துண்டை வெட்ட எனக்கு மனமில்லை.

படம் தொடங்கியது. கடலைக் கண்டதும் கைதட்டல். வலை இழுப்பு வந்ததும் "அந்தா எங்கட மச்சான்! வயித்தப் பாரன் வயித்த!" என்று ஒருவர் கத்த, கொட்டகை சிரித்தது. அந்தச் சந்தோசம் என் நெஞ்சு வரைக்கும் வந்தது. பிறகு நாலு தறி உள்ள வளவு. "இது கதீசா ராத்தாட வளவெல்லோ!" என்று பல குரல் ஒன்றாய் எழும்பியது. பிறகு கை. தறிநாடா இங்குமங்கும் ஓடியது. நூல் அறுந்தது.

மூடியைத் தூக்கி லென்சுக்கு முன்னால் பிடித்தேன்.

திரை கறுத்தது. தறிச்சத்தம் மட்டும் நடந்தது. அந்த இருட்டுக்குள் மதராஸ் குரல் தேனொழுகச் சொன்னது: "அடடா, என்ன அழகு! பாருங்கள், கண்ணை எடுக்க மனம் வருகிறதா?"

விசில் ஒன்று கிளம்பியது. எனக்கு அந்த விசிலை நன்றாகத் தெரியும். ஆட்டக்காரிகளுக்கு அடிக்கிற விசில். பிறகு பத்து, பிறகு நூறு. வாங்கில்கள் அதிர்ந்தன. முன்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று கத்தினான்: "டோய், கதீசாக்கு மட்டை விழுந்திட்டுதுடா!"

கையை எடுக்கலாமா? எடுத்தால் அந்த ஊளைக்கு நடுவே அவருடைய முகம் வரும். எடுக்காவிட்டால் அந்த இருட்டு. எது பெரிய பிழை என்று எனக்குத் தெரியவில்லை. மொத்தம் பதினொரு செக்கன். முடியும் மட்டும் பிடித்தபடியே நின்றேன்.

7. மறைத்ததுக்கு யார் பதில்

திங்கட்கிழமை தறிக்கு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். புதன்கிழமை ஒருவரும் வரவில்லை. மட்டைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஆளுக்கொரு கதை ஓடியது. அந்தக் கதைகளை நான் எழுத மாட்டேன்.

பள்ளிவாசலுக்குப் போய் மரைக்காயரிடம் சொன்னேன். "ஒண்டும் இல்ல வாப்பா. முகம்தான். சிரிச்ச முகம்."

அவர் நிதானமான மனிதர். "முகம் எண்டா என்னத்துக்கு மனே மறைச்ச?"

பிரதியைத் திருப்பி எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டுகிறேன் என்றேன். அது ஞாயிறு பஸ்ஸிலேயே மட்டக்களப்புக்குப் போய்விட்டிருந்தது. "அத அந்தப் பொம்புளயிட்டக் கேட்டியா?" என்றார் மரைக்காயர்.

கேட்கப் போனேன். ராத்தா கதவைப் பாதிதான் திறந்தார்.

"என்னத் திரும்பவும் காட்டியா என்னக் காப்பாத்தப் போறாய்?"

"ராத்தா, எனக்குத் தெரியாம முகம் விழுந்திட்டு. உங்களுக்காகத்தான் மறைச்ச."

"தெரியாம விழுந்தத என்னிட்டச் சொல்லியிரிக்கலாம். தேத்தண்ணி குடிச்சியே, அப்ப சொல்லியிரிக்கலாம். முகத்தக் காட்டியிரிந்தா ஒரு கிழமை ஏசியிரிப்பாங்க, பொறகு மறந்திரிப்பாங்க. நீ மறைச்சியே! மறைச்சதுக்கு நான் என்னண்டு பதில் சொல்ற?"

நாலு தறியில் மூன்றைக் கழற்றினார். ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொத்துவிலில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்.

8. விசில் இல்லாத ஊர்

நான் படம் எடுக்கிற வேலையை விடவில்லை. விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் விடவில்லை. கொட்டகையை விட்டேன். கமராவோடு கொழும்பிலும் மதராஸிலுமாக அலைந்தேன். கலியாணம், திறப்பு விழா, யாருக்காவது ஒரு ரீல். என் ஊரில் மட்டும் கமராவைத் திறக்கவில்லை.

ஒருமுறை மதராஸில் தாமோதரன் என்னை ஒரு கொட்டகைக்கு இழுத்துப் போனார். இடைவேளையில் ஒரு துணிக்கடை விளம்பரம் ஓடியது. அதில் கதீசா ராத்தா நூலைக் கடித்துச் சிரித்தார். கீழே கடையின் பெயர்.

"பாத்தீங்களா பாய்? உங்க சிலோன் அம்மா ஊரெல்லாம் ஓடறாங்க!"

நிறுத்தச் சொன்னேன். "முதலாளி அந்தத் துண்டைக் கடைக்கு வித்துட்டாரு. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்துத்தான் கூட்டிவந்திருக்கிறார்.

ஆட்கள் கடலை வாங்க எழும்பிப் போனார்கள். ஒருவரும் விசிலடிக்கவில்லை. ஒருவரும் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. ஒரு முகம், அவ்வளவுதான். பார்த்தார்கள், போனார்கள். எங்கள் ஊரும் அப்படிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

9. பொத்துவில்

அந்த விளம்பர விசயத்தையாவது ராத்தாவிடம் மறைக்கக் கூடாது என்று பொத்துவிலுக்குப் போனேன். இரண்டு வருசம் கழிந்திருந்தது. ராத்தாவின் கை மெலிந்திருந்தது. முற்றத்தில் ஒற்றைத் தறி. இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. துணிக்கடைச் சங்கதியைச் சொன்னேன். நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதில நான் எப்பிடி இரிந்தன்?"

"சிரிச்சிங்க ராத்தா. நூலக் கடிச்சிட்டுச் சிரிச்சிங்க."

"வடிவா இரிந்துதா?"

"ஓம்."

நாடாவை மறுபடி கையில் எடுத்தார்.

"மதராஸ் முழுக்கப் பாத்திரிக்கி. அப்ப, அந்த முகத்த நீ மறைச்சது எனக்கும் என்ட ஊருக்கும் மட்டும்தான்."

தறி மறுபடி நடக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் என் படத்தில் உள்ள சத்தம் இல்லை. படத்தில் கேட்டது மதராஸில் வேறு யாருடைய தறியோ.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கிட்ட வைத்து எடுக்கும்போது கண்ணாடிக்கும் லென்சுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதை இப்போது எந்தப் புத்தகமும் சொல்லித்தரும். மற்றது: யாருடைய முகமோ, முதல் பிரதியை அவருக்குக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வெட்டுங்கள், அது உங்கள் ஆயுளில் எடுத்த நல்ல ஷாட்டாக இருந்தாலும்.

என்னிடம் அன்றைக்குக் கத்தரி இருந்தது, வாயும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு நான் மட்டையைத்தான் தூக்கினேன்.